கட்டில் அருகே ஒரு பொய்

லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், தலையில் குண்டுச் சிதறல் பாய்ந்த பிரெஞ்சுச் சிப்பாய் லூக் கோர்னே கிடக்கிறான். அப்பாவின் ரொட்டிக் கடை, பியானோ வாசிக்கும் சகோதரி என்று பேச்சு எங்கெங்கோ அலைகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி நர்ஸைத் தனக்கு நிச்சயித்த பெண்ணாகவே நினைத்துக்கொள்கிறான். என்மேல் காதல் உண்டா என்று கேட்கிறான். அந்தப் பெண்ணுக்கு 18 வயது. அவனை அன்றுதான் பார்க்கிறாள். உண்டு என்று சொல்கிறாள். சற்று நேரத்தில் அவன் உயிர் போய்விடுகிறது.

இயன் மெக்ஈவன் 2001இல் வெளியிட்ட ‘அடோன்மென்ட்’ நாவலில் இந்தக் காட்சி சில பக்கங்கள்தான். ஆனால் நாவலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்ல முடிவையும் சொல்லியாக வேண்டும், படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நர்ஸ் பிரையனி. 1935ஆம் ஆண்டுக் கோடையில், சர்ரே பகுதியின் பெரிய வீடொன்றில், கதை எழுதும் ஆசையோடு திரிந்த 13 வயதுச் சிறுமி. அக்கா சிசிலியாவும், வீட்டு வேலை பார்க்கும் அம்மாளின் மகன் ராபியும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்துகொண்ட அதே இரவில், விருந்துக்கு வந்த உறவுக்காரப் பெண் லோலா தோட்டத்து இருட்டில் சீரழிக்கப்படுகிறாள். ஓடி மறைந்த உருவம் ராபிதான் என்று பிரையனி அடித்துச் சொல்கிறாள். முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அவன் கெட்டவன் என்று அன்று பகலில் தானே கட்டிய கதை அவள் கண்ணை மறைத்துவிட்டது. கேம்பிரிட்ஜில் படித்தவனாக இருந்தாலும் வேலைக்காரியின் மகன்தானே! பெரியவர்கள் உடனே நம்பினார்கள். சிறுமியின் பொய்யைவிட எனக்கு ஆத்திரமூட்டுவது அந்த உடனடி நம்பிக்கைதான்.

ராபி சிறைக்குப் போகிறான். சிசிலியா குடும்பத்தையே தலைமுழுகிவிட்டு நர்ஸாகிறாள். பட்டாளத்தில் சேர்ந்தால் விடுதலை என்றதும் ராபி போர்முனைக்குப் போய், 1940இல் டன்கிர்க் கடற்கரை நோக்கிப் பின்வாங்கும் படையோடு நடக்கிறான். அந்தப் பின்வாங்கலில் மெக்ஈவனின் தந்தையும் இருந்தார். காலில் காயம்பட்ட அவரும், கையில் காயம்பட்ட இன்னொருவரும் ஒரே மோட்டார் சைக்கிளைச் சேர்ந்து ஓட்டித் தப்பினார்கள். நாவலின் டன்கிர்க் சாலையிலும் அப்படி இருவர் நொடிப்பொழுது கடந்து போகிறார்கள்.

தவற்றை உணர்ந்த பிரையனி, படிப்பை உதறிவிட்டு ஆஸ்பத்திரியில் பெட்பேன் கழுவுகிறாள். கடைசியில் பால்ஹாம் பகுதியில் அக்காவின் அறையைத் தேடிப் போகிறாள். அங்கே ராபியும் இருக்கிறான். அப்பாடா, பிழைத்தார்கள் என்று நாம் மூச்சுவிடுகிறோம்.

பிறகு 1999. 77 வயது நாவலாசிரியை பிரையனி, நினைவுகளை ஒவ்வொன்றாக அழிக்கும் நோய் தனக்கு வந்திருப்பதை அறிந்த நிலையில், உண்மையைச் சொல்கிறாள். ராபி டன்கிர்க் கரையிலேயே ரத்தத்தில் விஷமேறி இறந்துவிட்டான். சிசிலியா பால்ஹாம் சுரங்க ரயில் நிலையத்தை அழித்த குண்டுக்குப் பலியானாள். அந்தக் குண்டு உண்மையிலேயே விழுந்தது: 1940 அக்டோபர் 14 இரவு, சாலை பிளந்து, குழாய்கள் உடைந்து, கீழே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிரையனி அக்காவைப் பார்க்கவே போகவில்லை, தைரியம் வரவில்லை. நாம் படித்த சந்திப்பு அவள் எழுதியது.

இங்கேதான் பல வாசகர்களுக்குக் கோபம். ஏமாற்றிவிட்டாளே, செத்தவர்களை எழுப்பி உட்கார வைத்தால் பாவம் தீர்ந்துவிடுமா என்கிறார்கள். தீராது. அது பிரையனிக்கும் தெரியும். ஆனால் லூக்கிடம் சொன்ன பொய்யையும், 13 வயதில் போலீஸிடம் சொன்ன பொய்யையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் பொய்யில் எதிரே இருந்தவன் அவள் கண்ணுக்குப் படவே இல்லை. அவள் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். ஆஸ்பத்திரியிலோ, சாகிறவனுக்கு என்ன வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றையும் அவள் நினைக்கவில்லை. காதலர்களுக்கு அவள் எழுதிய மறுவாழ்வு இந்த இரண்டாவது பொய்யின் நீட்சி. ஒரே வித்தியாசம், லூக் கேட்டுவிட்டுச் செத்தான். இவர்கள் இருவரும் எதையும் கேட்க வழியில்லை. அந்த வித்தியாசத்தை அவள் மறைக்காததால்தான் எனக்கு அவள்மேல் மரியாதை.

இதைவிட முக்கியமானது, தன் கற்பனையில் அவள் எடுத்துக்கொள்ளாத ஒன்று. எழுதுகோல் அவள் கையில். பால்ஹாம் அறையில் அக்கா ஓடிவந்து கட்டிக்கொள்வதாக எழுதியிருக்கலாம். ராபி கண் கலங்குவதாக எழுதியிருக்கலாம். அவள் எழுதிய ராபி கோபத்தில் கொதிக்கிறான். அக்கா அவனைத் தடுத்து நிறுத்துகிறாள்; ஆனால் தங்கையை மன்னிப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றோரிடம் போய் உண்மையைச் சொல், வக்கீலிடம் வாக்குமூலம் கொடு, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எனக்கு எழுது என்று வேலை கொடுத்து அனுப்புகிறான் ராபி. காதலர்களுக்கு உயிரைக் கொடுத்தவள், தனக்கு மன்னிப்பை எழுதிக்கொள்ளவில்லை.