ஈறு நோய் வலிக்காது

1970-இல் நார்வே நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு இலங்கை மலையகத்துக்கு வந்தது. இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, 1985 வரை அவ்வப்போது திரும்ப வந்து பார்த்தது. பிரஷ், பேஸ்ட், பல் டாக்டர் எதுவும் எட்டாத வாய்கள். கறையும் பற்காரையும் ஈறு வீக்கமும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே அளவு. சொத்தைப் பல் மட்டும் அநேகமாக இல்லை.

1986-இல் வெளியான முடிவுதான் ஆச்சரியம். நூற்றுக்கு 8 பேருக்கு ஈறு நோய் வேகமாக முற்றி, 45 வயதில் வாய் கிட்டத்தட்ட பொக்கையாகிவிட்டது. 81 பேருக்கு மெல்ல மெல்ல அரித்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவுமே நடக்கவில்லை. ஒரே மாதிரித் தோட்டம், ஒரே வேலை, ஒரே அழுக்கு. பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிற இந்த எண்கள் நம் ஆட்களின் வாயிலிருந்து எடுத்தவை. அவர்களுக்கு வைத்தியம் கிடைக்காததுதான் ஆய்வுக்கே அடிப்படை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

“வலிச்சா பாத்துக்கலாம்” என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. சொத்தை வலிக்கும், ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. பல்லைத் தாங்கும் எலும்பு சத்தமில்லாமல் கரையும், பல் ஆடும்போதுதான் தெரியவரும். போன எலும்பு தானாக வளராது. பல் தேய்க்கும்போது ரத்தம் கசிவது முன்னறிவிப்பு. புகைப்பவர்களுக்கு அதுவும் வராமல் போகலாம்; புகை ரத்தக் கசிவை அடக்கிவிடுகிறது.

பல்லில் படியும் கிருமிப் படலத்தை பிரஷ் எடுத்துவிடும். விட்டுவைத்தால் உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் காரையாக இறுகும். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். உமிழ்நீர்ச் சுரப்பி அங்கே திறப்பதால் காரையும் அங்கேதான் அதிகம் கட்டும். அதை பிரஷ்ஷால் அசைக்க முடியாது. எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தால் எனாமல்தான் போகும்.

“க்ளீனிங் பண்ணினா பல் ஆடிடும்” என்று பயப்படாத ஊரே இல்லை. ஸ்கேலிங் கருவியின் முனை நொடிக்கு 25,000 தடவை அளவில் அதிர்ந்து காரையை உடைக்கிறது. கூடவே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறது. முறையாகச் செய்தால் பல்லைச் சுரண்டாது. எலும்பு ஏற்கெனவே கரைந்துபோன பல்லைக் காரை சிமெண்ட் மாதிரி பிடித்துவைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, பழி டாக்டர் மேல் விழுகிறது. சில நாள் கூச்சம் இருக்கலாம், அது அடங்கிவிடும்.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை டாக்டரிடம் பரிசோதனைக்குப் போவது? ஆறு மாதம் என்பது வேதவாக்கு இல்லை. அதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று பல் மருத்துவ ஆய்வாளர் ஆப்ரி ஷீஹம் 1977-லேயே லான்செட் மருத்துவ இதழில் கேட்டார். 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஆபத்து குறைந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்தாலும் நான்காண்டு முடிவில் ஈறு ஒரே மாதிரிதான் இருந்தது. அங்கே பெரியவர்களுக்கான இடைவெளியே 3 மாதம் முதல் 24 மாதம் வரை, ஆளைப் பொறுத்து.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தள்ளிப்போட வேண்டாம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே டாக்டரிடம் போய்வருகிறவர்கள். நீங்கள் அந்த 8-இல் ஒருவரா, 11-இல் ஒருவரா என்று கண்ணாடி சொல்லாது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு டாக்டர் அளக்க வேண்டும். 3 மி.மீ. வரை பெரும்பாலும் சரி. அதற்கு மேலே போனால் எக்ஸ்ரேயும் பார்ப்பார்கள். சர்க்கரை நோயாளிகள் இந்த அளவைக் கேட்டே வாங்க வேண்டும்: சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையை அடக்குவது கஷ்டம். அடுத்த முறை நாற்காலியில் சாயும்போது “க்ளீன் பண்ணிவிடுங்க” என்பதோடு நிறுத்தாமல், “எத்தனை மில்லிமீட்டர் இருக்கு, மறுபடி எப்ப வரணும்?” என்று கேளுங்கள். அளக்காமலேயே ஆறு மாதம் என்று பதில் வந்தால், அளந்து சொல்லச் சொல்லுங்கள்.