குறிப்பேட்டுக்குள் ஓடும் புரோகிராம்: மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

ஹைதராபாத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1967-ல் இங்கு தொடங்கப்பட்ட இ.சி.ஐ.எல். நிறுவனம், டி.டி.சி.-12 என்ற கம்ப்யூட்டரை 1969-ல் தயாரித்து அளித்தது. 1998-ல் மாதாபூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கச்சிபௌலியில் ஐ.ஐ.ஐ.டி. கல்வி நிலையமும் தோன்றியது. ரயில்வே, ராணுவம், பொதுத்துறைத் தொழிற்சாலை என்று பிழைப்புக்காக வந்து செகந்திராபாத்திலும் மல்காஜ்கிரியிலும் குடியேறிய தமிழர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் பலர், இன்று காலையில் பஸ் பிடிப்பது அந்தத் திசையில்தான்.

அப்படிப் போகும் பிள்ளைகளில் சிலர் ஒரு விசித்திரமான குறிப்பேட்டை வைத்திருக்கிறார்கள். பார்த்தால் வெறும் எழுத்து. வண்ணமும் கிடையாது, படமும் கிடையாது. ஆனால் அதன் நடுவே எழுதப்பட்ட கணக்கு, ஒரு விசையைத் தட்டியதும் தானே நடந்து, விடையையும் தனக்குக் கீழே தானே எழுதிக் கொள்கிறது! "ஆர்க் மோட்" என்பது அதன் பெயர். "ஈமாக்ஸ்" என்ற எழுத்துத் தொகுப்புக் கருவிக்குள் இருந்து வேலை செய்கிறது.

வானியலார் தந்த கருவி

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த வானியல் ஆராய்ச்சியாளர் கார்ஸ்டன் டொமினிக், தம் குறிப்புகளையும் வேலைப் பட்டியலையும் ஒழுங்காக வைத்துக் கொள்வதற்காக 2003-ல் இதை உருவாக்கினார். குறிப்புக்குள் புரோகிராம் ஓடும் வசதியை எரிக் ஷுல்டி, டான் டேவிசன் என்ற இருவர் பின்னர் சேர்த்தனர். அந்தப் பகுதிக்கு "பேபல்" என்று பெயர். 2010 முதல் அது ஆர்க் மோடுடன் சேர்ந்தே வருகிறது.

இதற்கு வித்திட்ட கருத்து அதற்கும் பழையது. புரோகிராம் என்பது இயந்திரத்துக்கு இடும் கட்டளை மட்டுமல்ல, இன்னொரு மனிதர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய எழுத்தும் ஆகும் என்று 1984-ல் டொனால்ட் நூத் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வற்புறுத்தினார். விளக்கமும் கட்டளையும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நம் ஊரிலும் இதற்கு உதாரணம் உண்டு. கல்லூரி மாணவர்கள் ஆய்வுக்கூடப் பரிசோதனைகளைக் கம்ப்யூட்டர் வழியே செய்து பார்க்க மத்திய அரசு நடத்தும் "விர்ச்சுவல் லேப்ஸ்" திட்டத்தில் கச்சிபௌலி ஐ.ஐ.ஐ.டி.யும் பங்கு கொண்டது. அங்குள்ள பொறியாளர்கள் அத்திட்டத்துக்கான மென்பொருள்கள் பலவற்றை ஆர்க் கோப்பாகவே எழுதினார்கள். ஏன் இப்படிச் செய்தோம் என்ற விளக்கம் மேலே, புரோகிராம் கீழே. பிறகு ஒரு கட்டளை கொடுத்தால் புரோகிராம் மட்டும் தனிக் கோப்பாகப் பிரிந்து வந்துவிடும்.

எல்லாம் சரி, ஓடினால்தானே? ஓடாமல் நின்றால் என்ன செய்வது? புதிதாகக் கற்கும் பிள்ளைகள் கையைப் பிசைவது இங்கேதான். பெரும்பாலான கோளாறுகள் சில இடங்களில்தான் ஒளிந்து கொள்கின்றன. வரிசையாகப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

அனுமதி இல்லாத பாஷை

குறிப்புக்குள் புரோகிராம் எழுதும் பகுதிக்கு மேலே ஒரு தொடக்க வரி, கீழே ஒரு முடிவு வரி. தொடக்க வரியில் எந்தப் புரோகிராம் பாஷை என்று சொல்ல வேண்டும். கண்ட்ரோல் விசையுடன் சி எழுத்தை இருமுறை தட்டினால் அந்தப் பகுதி ஓட வேண்டும்.

"பைத்தானுக்கு நிறைவேற்றும் வழி இல்லை" என்ற பொருளில் எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். புரோகிராமில் பிழை இல்லை. ஈமாக்ஸின் சொந்த பாஷையான லிஸ்பை மட்டுமே ஆர்க் மோட் முதலில் அனுமதிக்கிறது. பைத்தான், ஆர், ஷெல் போன்ற மற்றவற்றை, அமைப்புக் கோப்பில் உள்ள பட்டியலில் நாமே சேர்க்க வேண்டும்.

இதிலும் ஒரு சூட்சுமம். அந்தப் பட்டியலில் ஷெல்லின் பெயர் முன்பு "எஸ்ஹெச்" என்று இருந்தது. பின்னர் வந்த பதிப்புகளில் அது "ஷெல்" என்று மாறியது. பழைய பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்றும் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

வீடு தெரியாத தபால்காரர்

அடுத்த கோளாறு: "அப்படி ஒரு புரோகிராமே இல்லை" என்ற பதில். கறுப்புத் திரையில் கட்டளையிட்டால் அதே பைத்தான் ஓடும். குறிப்பேட்டிலிருந்து அழைத்தால் ஓடாது. காரணம், ஒரு புரோகிராமை எந்தெந்த அடைவுகளில் தேடுவது என்ற பட்டியல் இரண்டுக்கும் வேறாக இருப்பது. மேசைத் திரையில் உள்ள படத்தைச் சொடுக்கி ஈமாக்ஸைத் திறப்பவர்களுக்கு, முக்கியமாக ஆப்பிள் கம்ப்யூட்டர்களில், இந்தத் தொல்லை அதிகம். தேடும் பட்டியலை அச்சிடும் ஒரு வரியை இரண்டு இடத்திலும் ஓட்டி, ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று பைத்தான் இருந்துவிட்டால் இன்னும் குழப்பம். வேறொரு பைத்தான் ஓடி, "அந்தத் துணைநூலகம் இல்லை" என்று கை விரிக்கும். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்பதை முதலில் கேட்டறிவது நல்லது.

விடை எங்கே போயிற்று?

மூன்றாவது, புரோகிராம் ஓடுகிறது, ஆனால் கீழே "நன்" என்ற ஒரே சொல் நிற்கிறது. ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். ஆர்க் மோட் இரண்டு விதமாக விடையை எடுத்துக் கொள்ளும். புரோகிராம் கடைசியில் திருப்பித் தரும் மதிப்பை எடுத்துக் கொள்வது ஒரு விதம். அது அச்சிடும் எழுத்துகளை எல்லாம் எடுத்துக் கொள்வது மற்றொரு விதம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் முதல் விதம்தான். அச்சிடு என்று மட்டும் எழுதிவிட்டு, "ரிட்டர்ன்" வரி போடாமல் விட்டால் பைத்தான் வெறுங்கையுடன்தான் திரும்பும். தொடக்க வரியில் "அவுட்புட்" என்று சேர்த்தால் போதும்.

நான்காவது, எழுத்து இடம் மாறுவது. பைத்தானில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. குறிப்பேட்டிலேயே அடித்துத் திருத்தும்போது டேப் இடைவெளியும் சாதாரண இடைவெளியும் கலந்து போகும். வரியின் முதல் எழுத்தாக நட்சத்திரக் குறியும் அடுத்து ஓர் இடைவெளியும் வந்தால், ஆர்க் மோட் அதைப் புதிய தலைப்பு என்று எண்ணி, புரோகிராம் பகுதியை அங்கேயே வெட்டிவிடும்! இதைத் தவிர்க்க, புரோகிராமைத் தனிச் சாளரத்தில் திறந்து திருத்தும் வசதி உண்டு. அங்கே திருத்தினால் அந்த நட்சத்திரத்துக்கு முன் ஒரு காற்புள்ளியைத் தானே போட்டுக் காப்பாற்றும். தொடக்க வரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சோதிக்க "ஆர்க் லின்ட்" என்ற கட்டளையும் இருக்கிறது.

ஓடிப் பொய் சொல்லும் கணக்கு

இதுவரை சொன்னவை எல்லாம் உரக்கக் கத்தும் கோளாறுகள். உண்மையில் அவை நமக்குச் செய்யும் உபகாரம். சிக்னல் சிவப்பாக இருந்தால் வண்டி நிற்கும், யாருக்கும் காயமில்லை. பச்சை காட்டும் பழுதான சிக்னல்தான் ஆபத்து. ஓடாத புரோகிராமை விட, ஓடித் தவறான விடையைத் தரும் புரோகிராமுக்குத்தான் அஞ்ச வேண்டும். அத்தகையவை இங்கே மூன்று.

ஒன்று, பழைய விடை. புரோகிராமைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்ட மறந்தால், கீழே நிற்பது நேற்றைய விடை. இன்றைய கணக்கின் கீழ் அது அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஒருமுறை கண்ட விடையைச் சேமித்து வைக்கும் "கேஷ்" வசதியைப் போட்டிருந்தால், மறுபடி ஓட்டினாலும் பயனில்லாமல் போகலாம். புரோகிராம் வரிகள் மாறினால்தான் அது மறுபடி கணக்குப் போடும். அந்தப் புரோகிராம் படிக்கும் புள்ளிவிவரக் கோப்பு மாறினால் அதற்குத் தெரியாது.

இரண்டு, "செஷன்". பல பகுதிகள் ஒரே ஓட்டத்தில் தொடர வேண்டும் என்பதற்காக இந்த வசதி. முன் பகுதியில் வைத்த எண் பின் பகுதிக்கும் நினைவிருக்கும். அந்த நினைவே வினையாகவும் முடியும். ஒரு பெயரை மாற்றினாலும், ஒரு பகுதியையே அழித்தாலும், பழைய எண் உள்ளே உயிரோடு இருக்கும். இன்று சரியாக ஓடும் கணக்கு, நாளை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் படுத்துவிடும். செஷனை மூடிவிட்டு, கோப்பு முழுவதையும் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் ஓட்டிப் பார்ப்பதே இதற்கு மருந்து. அப்படி ஓடினால்தான் அந்த விடையை நம்பலாம்.

மூன்று, பிரித்தெடுத்த கோப்பில் கை வைப்பது. குறிப்பிலிருந்து தனியே வந்த புரோகிராமில் அவசரத்துக்கு ஒரு திருத்தம் செய்வார்கள், வேலையும் நடக்கும். அடுத்த முறை பிரிக்கும்போது மூலக் குறிப்பு அதன் மேல் எழுதிவிடும். திருத்தம் மாயமாகும், தீர்ந்த கோளாறு திரும்பி வரும். திருத்த வேண்டியது மூலத்தை மட்டுமே.

ஐந்து தேசங்கள் விடுபட்ட கதை

சத்தமில்லாத தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால், வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் ஆகிவிடுகிறது என்றது அது. அரசாங்கச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய அமெரிக்க, ஐரோப்பிய அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள்.

2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக் கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், தம் ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். எக்ஸெல் தாளில் சராசரி எடுத்த வரிசையில் ஐந்து தேசங்கள் விடுபட்டிருந்தன! எச்சரிக்கை ஏதும் வரவில்லை. எக்ஸெல் சமர்த்தாக ஒரு விடையைக் கொடுத்துவிட்டது. வேறு சில புள்ளிவிவரங்கள் சேராததும், சராசரி எடுத்த முறையும் சேர்ந்து, விடையை வெகுவாக மாற்றியிருந்தன. ஹெர்ண்டன் குழுவுக்குக் கிடைத்த விடை, பிளஸ் 2.2 சதவீதம்.

அந்த மாணவரால் தவறைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், கட்டுரையாளர்களிடம் கேட்டபோது கணக்குத் தாளையே அவர்கள் கொடுத்ததுதான். விடையை மட்டும் அச்சிட்டு, கணக்கைப் பூட்டி வைத்திருந்தால்? குறிப்பும், கணக்கும், விடையும் ஒரே ஏட்டில் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கேட்பதன் நியாயம் இங்கேதான் விளங்குகிறது.

கேட்காமல் ஓட விடாதீர்கள்

இன்னொரு எச்சரிக்கை. ஒவ்வொரு முறையும் "ஓட்டலாமா?" என்று ஆர்க் மோட் கேட்கும். தொந்தரவு என்று பலர் இந்தக் கேள்வியை நிறுத்தி விடுகிறார்கள். பிறர் அனுப்பிய கோப்பில் என்ன கட்டளை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கோப்புகளை எல்லாம் அழித்துவிடும் ஒரே வரி கூட அதில் இருக்கலாம். குறிப்பை வேறு வடிவத்துக்கு மாற்றி வெளியிடும்போதும் புரோகிராம் ஓடக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

2024 ஜூனில் ஆர்க் மோடிலேயே ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. நம் அனுமதி இல்லாமலே, கோப்பில் உள்ள இணைப்பு வழியாகக் கட்டளை ஓட அது இடம் தந்தது. அதை அடைக்கவே ஈமாக்ஸ் 29.4 பதிப்பை அவசரமாக வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் உடனே மாற்றிக் கொள்வது நல்லது.

பொறுமையே சாவி

கோளாறு எதுவானாலும் முறை ஒன்றுதான். ஓடாத நூறு வரிகளை வெறித்துப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்று அச்சிடும் ஒரு வரியை முதலில் ஓட்டுங்கள். அது ஓடினால் பாஷையும் பாதையும் சரி. கோளாறு கணக்கில் இருக்கிறது. அதுவும் ஓடாவிட்டால், சொந்த அமைப்புகள் எதுவும் இல்லாமல் ஈமாக்ஸை வெறுமையாகத் திறந்து, வேண்டிய பாஷையை மட்டும் சேர்த்து ஓட்டுங்கள். அங்கே ஓடினால் குற்றவாளி நம் அமைப்புக் கோப்புதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்த மாற்றத்தையும் அந்தக் குறிப்பேட்டிலேயே எழுதி வையுங்கள்.

இத்தனை தொல்லை எதற்கு, அழகான வேறு கருவிகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் நிறுவனம் மூடினால் அதன் கோப்பைத் திறக்க வழியில்லாமல் போனதை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். வெறும் எழுத்தாக உள்ள கோப்பை எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம். நாளை புரோகிராம் ஓடாமலே போனாலும், என்ன கணக்கு, ஏன் போட்டோம் என்ற விளக்கம் அங்கே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். ஆகவே பரீட்சைக்கோ, அலுவலகத்துக்கோ விடையை அனுப்புவதற்கு முன்னால், கோப்பை ஒருமுறை மேலிருந்து ஓட்டிப் பார்க்கட்டும் நம் பிள்ளைகள். பொய் விடையை நம்பி ஒரு மாதம் உழைப்பதைவிட அந்த ஐந்து நிமிஷம் லாபம்.