கடற்காவல் விமானத்தின் துப்பாக்கிக் கூண்டு

நானாட்டானிலே, கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களிற் கதிர் முற்றும் காலத்தில் காவற்பரணில் விழித்திருந்தவர்கள் ஒன்றை நன்கு அறிவார்கள். பன்றி எப்பொழுதும் நாம் பாராத பக்கத்தாலேயே வந்து சேரும். இரண்டாம் உலகப் போரின்போது கடலின்மேல் தன்னந்தனியே பறந்து காவல் புரிந்த விமானங்களுக்கும் இதே இடர் இருந்தது. அவற்றுக்குப் பரணாக அமைந்தது துப்பாக்கிக் கூண்டு.

நெடுந்தூரம் பறக்க வேண்டிய விமானம் வேகமாகப் பறத்தல் இயலாது. கற்றலினா என்னும் பறக்கும் படகு இருபது மணி நேரம் வரையிலும் வானில் நிற்கவல்லது. ஆனால் அதன் வேகமோ மணிக்கு ஏறத்தாழ 120 மைல்தான். அதனை எதிர்க்க வந்த ஜப்பானிய ஸீரோ விமானம் 300 மைலுக்கு மேற் பறந்தது. ஓடித் தப்ப வழியில்லை. துணை விமானமும் இல்லை.

துப்பாக்கியைச் சன்னலில் வைத்துக் கையாற் சுட்டால் என்னவென்று நேயர்கள் வினவலாம். விமானம் பறக்கும்போது எதிர்க்காற்று வெளியே நீண்ட குழலைப் பின்னுக்குத் தள்ளும். அக்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்திற் கடந்து செல்லும் பகைவனைக் குறிபார்த்தல் எளிதன்று. ஆகவே, வீரரும் அவருடைய இருக்கையும் துப்பாக்கிகளும் ஒருங்கே சுழலும் கூண்டினை அமைத்தார்கள். சண்டர்லண்ட் என்னும் பிரித்தானியப் பறக்கும் படகின் வாற்கூண்டில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 1,000 குண்டுகளுக்கு மேல் உமிழும். விமானத்தின் எஞ்சினால் இயங்கும் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, அவ்வழுத்தமே கூண்டைத் திருப்பியது. வீரர் கைப்பிடியைச் சற்றே அசைத்தாற் போதும். எண்ணெய்க் குழாய் அறுந்துவிட்டாலோ, கையாற் சுற்ற வேண்டியதுதான்! அவ்விமானத்தின் மூக்குக் கூண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நீரில் இறங்கியதும் அதனைப் பின்னே இழுத்துவிட்டு, அவ்விடத்தில் நின்று நங்கூரம் பாய்ச்சுவார்கள். நம் கடலோடிகள் கண்டால் மெச்சக்கூடிய ஏற்பாடு அது.

இக்கூண்டுகளின் வலிமை 1943 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆம் தேதி பிஸ்கே விரிகுடாவிலே தெரிந்தது. அவுஸ்திரேலியப் படையணியைச் சேர்ந்த ஒற்றைச் சண்டர்லண்டை எட்டு ஜெர்மானிய விமானங்கள் சூழ்ந்தன. பதினொருவரில் ஒருவர் மாண்டார். விமானமோ சல்லடையாய்த் துளைபட்டும் இங்கிலாந்துக் கரையை அடைந்தது.

அதற்கு ஓராண்டு முன்னர் நம் இலங்கைக் கடலில் நிகழ்ந்தது வேறு. 1942 ஏப்ரல் 4 ஆம் தேதி, காலிக்கு அருகேயுள்ள கொக்கலைத் தளத்திலிருந்து கனேடியரான லெனாட் பேர்ச்சல் ஒரு கற்றலினாவை ஓட்டிச் சென்றார். மாலையில், இலங்கைக்குத் தெற்கே நெடுந்தொலைவில், ஐந்து விமானந்தாங்கிகளைக் கொண்ட ஜப்பானியக் கடற்படையை அவர் கண்டார். அவருடைய விமானத்தில் எண்ணெய் அழுத்தத்தாற் சுழலும் கூண்டு இல்லை. இரு விலாவிலும் கண்ணாடிக் குமிழ்கள் இருந்தன. அவற்றினின்று கையாலேயே சுட வேண்டும். ஸீரோவின் இறக்கைகளிலோ 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் இருந்தன. அந்தக் குமிழ்கள் சுடுவதற்கு உதவியதைவிடப் பார்ப்பதற்கே மிகுதியும் உதவின என்று சொல்லத் தோன்றுகிறது. எனினும், கடற்காவல் விமானத்துக்குப் பகைவனை வீழ்த்துவதா கடமை? கண்டதைச் சொல்லிமுடிக்கும் வரையில் உயிரோடிருப்பதே கடமை. செய்தியை மும்முறை அனுப்புவது வழக்கம். மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கையிலே குண்டுகள் தாக்கின.

செய்தி கொழும்பை எட்டியது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேறின. மறுநாட் காலை, உயிர்த்த ஞாயிறன்று, குண்டுவீச்சு நிகழ்ந்தது. முன்னறிவிப்பு இருந்தும் இரத்மலானையிலிருந்த போர்விமானங்கள் ஆயத்தமாக இருக்கவில்லை என்பது வேறு கதை. கடலில் வீழ்ந்த கற்றலினாவின் ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். பேர்ச்சல் உட்பட அறுவரைப் பகைவர் கப்பலில் ஏற்றிச் சென்றனர். 1945 இற் போர் முடிந்த பின்னரே அவர்கள் விடுதலை பெற்றார்கள்.