எச்சரிக்கைச் சுட்டுத்துண்டு சொல்வதும் சொல்லாததும்

கனடாவில் நாம் வாங்கும் பென்சிற் பெட்டி, மழையங்கி, தோட்டத்து நீர்க்குழாய் முதலியவற்றிற் சில வேளைகளில் ஒரு சிறு சுட்டுத்துண்டு காணப்படும். இதிலுள்ள இரசாயனம் புற்றுநோயை உண்டாக்கவல்லது எனக் கலிபோர்னிய அரசு அறிந்துள்ளது என்பதே அதன் சாரம். அப்படியாயின் கலிபோர்னியாவில் மட்டுந்தான் நோய் வருமா என்று எமது மாணவர்கள் வினவுவதுண்டு. நியாயமான வினாவே.

1986 நவம்பரில் அம்மாநில மக்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் இது. 'முன்மொழிவு 65' என்பர். அதன்படி அரசு வெளியிடும் பட்டியலில் இன்று ஏறத்தாழ 900 இரசாயனங்கள் உள்ளன. அவற்றை மக்கள்மேற் படச்செய்யும் நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்தல் வேண்டும். ஊருக்கு ஒரு பொதி செய்ய உற்பத்தியாளர் விரும்பார். ஆதலால் அச்சுட்டுத்துண்டு எம்மிடமும் வந்து சேர்கின்றது.

பிளாஸ்ரிக்கில் அடிக்கடி குறிக்கப்படுவது டீ.ஈ.எச்.பி. எனும் தலேற்று வகை. பீ.வீ.சீ. இயல்பில் விறைப்பானது. இந்நெய் போன்ற திரவத்தைக் கலந்தே அதனை மென்மையாக்குவர். அது பிளாஸ்ரிக்குடன் இரசாயன முறையிற் பிணைவதில்லை. வடையின் எண்ணெய் தாளில் ஊறுவதுபோலச் சிறிது சிறிதாக வெளியேறும். சூடும் கொழுப்பும் அதனை விரைவுபடுத்தும். 1988 இல் புற்றுநோய்க்காகவும், 2003 இல் இனப்பெருக்கத்துக்குத் தீங்கானதெனவும் இது பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பிஸ்பீனோல் ஏ 2015 இல் சேர்ந்தது.

எச்சரிக்கைக்கான எல்லை மிகத் தாழ்வானது. 70 ஆண்டுகள் நாள்தோறும் உட்பட்டால் ஒரு இலட்சம் பேரில் ஒருவருக்கு மேலதிகமாகப் புற்றுநோய் வரக்கூடிய அளவே அது. மீறினால் நாளொன்றுக்கு 2,500 டொலர் வரை தண்டம். வழக்கிடும் தனியாருக்கு அதிற் காற்பங்கு. எனவே அளந்து பார்ப்பதிலும் ஒட்டிவிடுவதே இலாபமென நிறுவனங்கள் பல கருதின. எச்சரிக்கை மலிந்தது; கண்ணும் பழகிவிட்டது. இது சட்டத்தின் பெருங்குறை என்பதே எமது எண்ணம். எனினும் சுட்டுத்துண்டுக்கு அஞ்சிச் சேர்மானத்தையே மாற்றிய உற்பத்தியாளரும் உளர்.

சுட்டுத்துண்டு இல்லாமையும் நற்சான்றன்று. பத்துப் பேருக்குக் குறைவான ஊழியரைக் கொண்ட நிறுவனங்களுக்கு இச்சட்டம் விலக்களிக்கின்றது.

கனடா எச்சரிப்பதோடு நில்லாமல், பிஸ்பீனோல் ஏ கலந்த பாலூட்டும் போத்தல்களை 2010 இல் தடைசெய்தது. சிறுவர் விளையாட்டுப் பொருட்களில் டீ.ஈ.எச்.பி. உட்படச் சில தலேற்றுகளுக்கும் எல்லை விதித்துள்ளது.

பெற்றோர் நோக்கவேண்டியது பொருள் எங்கே பயன்படுகின்றது என்பதையே. தோட்டக்குழாயில் எச்சரிக்கை இருந்தாற் செடிக்கு நீரூற்றலாம், பிள்ளை அதிற் குடிக்கலாகாது. குழந்தை வாயில் வைக்கும் பொருளிலோ, சுடுசோறும் எண்ணெய்க் கறியும் இடும் பெட்டியிலோ இருந்தால் வேறொன்றை வாங்குதல் நன்று.

2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சுருக்கமான சுட்டுத்துண்டிலும் ஓர் இரசாயனத்தின் பெயரேனும் இருத்தல் வேண்டும். மாற்றிக்கொள்ள 2028 ஜனவரி வரை அவகாசம் உண்டு. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு அப்பெயரை வாசித்துச் சொல்லும் பணி மாணவர்களுடையது.