ஊர் மாறும் பெற்றோரும் பிள்ளையின் உரிமையும்

மணவிலக்குக்குப் பின்னும் தாய் தாயே, தந்தை தந்தையே. ஆனால் அவர்களுள் ஒருவர் வேற்றூருக்குக் குடிபெயர நேர்ந்தால், பிள்ளை எங்கே வளர்வது?

ஸ்ரீரங்கத்தில் என்னிடம் கணக்குப் படிக்கும் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தாயுடன் வசிக்கிறான். நீதிமன்றத் தீர்ப்பின்படி ஞாயிறுதோறும் காவிரிப் பாலம் கடந்து, திருச்சியிலுள்ள தந்தையைப் பார்த்து வருவான். தாய்க்கு ஓசூரில் வேலை கிடைத்தது. "பிள்ளை தாயோடுதான் போகவேண்டும்" என்றனர் சிலர். "தகப்பனுக்கே உரிமை" என்றனர் வேறு சிலர். "ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் அண்ணா?" என்று அவன் மட்டுமே கேட்டான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அதனால் அத்தாய் தீர்ப்பின் நகலைத் தந்து படித்துச் சொல்லச் சொன்னார். அறிவியல் மாணவனாகிய நான் சட்ட நூல்களைப் புரட்டியது இவ்வாறுதான்.

1956 ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்கிறது. எனினும் எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனையே அது வைக்கிறது. 1973 இல் சென்னையில் பிரிந்து வாழ்ந்த ஒரு தம்பதியரின் வழக்கில், பிள்ளைகள் உடைமைகளும் அல்லர், பெற்றோரின் விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இடமாற்றம் வழக்கின் போக்கையே மாற்றவல்லது. 1890 ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் மனு செய்யவேண்டும். மணவிலக்கு வழக்கு அல்லவெனினும், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் தந்தை நாராயணய்யா அன்னி பெசண்ட் அம்மையார்மீது தொடுத்த வழக்கு இதற்குச் சான்று. 1913 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்தை வென்றார். பிள்ளைகளோ இங்கிலாந்தில் இருந்தனர். அவர்கள் செங்கற்பட்டு மாவட்டத்தில் வசிக்கவில்லை. அவர்களுடைய விருப்பமும் கேட்கப்படவில்லை என்று காட்டி, 1914 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது.

அப்படியானால் ஊர் மாறவேண்டியவர் செய்யத்தக்கது யாது? ஞாயிறு சந்திப்பு தீர்ப்பில் இருக்க, சொல்லாமல் பிள்ளையைக் கொண்டுபோவது தீர்ப்பை மீறுவதாகும். இந்து திருமணச் சட்டத்தின் 26 ஆம் பிரிவின்கீழ், குழந்தை பற்றிய உத்தரவைச் சூழ்நிலைக்கேற்ப மாற்றித் தருமாறு முன்னதாகவே நீதிமன்றத்தில் மனு செய்யலாம். வாரச் சந்திப்புக்கு ஈடாகப் பள்ளி விடுமுறை நாட்களைக் கேட்கலாம். 2020 இல் உச்ச நீதிமன்றம், பெற்றோர் வெவ்வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருப்பினும், பிள்ளையோடு தொலைபேசியிலோ காணொலியிலோ பேசும் தொடர்பு உரிமை வேண்டும் என்று வலியுறுத்தியது. முடிவு செய்யும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று பெண்கள் அஞ்சவேண்டியதில்லை. 1987 ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும்.

நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாளை நம்மிடமும் இத்தகைய காகிதங்கள் வரும். அப்போது தாய்க்கட்சி, தந்தைக்கட்சி என்று பிரியாமல், பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைக்கு வழி என்ன என்று முதலில் கேட்போமாக.