ஆற்றங்கரைக்கும் ஒரு கணக்கு வேண்டும்



குளுவாங்கில் கடல் இல்லை. ஆனால் கரை உண்டு. நகரின் ஊடே ஓடும் மெங்கிபோல் ஆற்றின் கரைதான் அது. அதன் நிலையை ஏன் எழுதி வைக்க வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் அடுத்தடுத்துப் பெருவெள்ளம் வந்தது. குளுவாங்கும் தப்பவில்லை. மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். வெள்ளம் வடிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? சுவரைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கிறோம். சேற்றுக் கோடு மறைந்துவிடுகிறது. தண்ணீர் எதுவரை ஏறும் என்பதற்கு அந்தக் கோடுதானே சாட்சி?

ஆறு வளையும் இடத்தில் வெளிப்புறக் கரையை நீர் அரிக்கும். உட்புறத்தில் வேகம் குறைந்து மணல் படியும். தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது, மூடுசெடி இல்லாத மண் மழையில் கரைந்து ஆற்றில் சேரும். ஆறு ஆழம் குறையும். பிறகு அதே அளவு மழைக்கே வெள்ளம் லயத்து வாசல்வரை வரும்.

கடற்கரையைப் பற்றி இத்தகைய ஆய்வு ஒன்று 1980களின் நடுவில் நம் நாட்டில் நடந்தது. சுமார் 4,800 கிலோமீட்டர் கரையில் ஏறத்தாழ 29 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானது தெரியவந்தது. அரிப்பின் கடுமையைக் கொண்டு கரைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். எங்கே முதலில் பாதுகாப்பு வேண்டும் என்பதற்கு அது வழிகாட்டிற்று.

ஆற்றங்கரையைக் கவனிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாதம் ஒருமுறையும், பெருமழை ஓய்ந்த பின்பும், ஒரே இடத்தில் நின்று பாருங்கள். தேதி, இடம், நீரின் நிறம், இடிந்த கரை, அடைத்த சாக்கடை, குவிந்த குப்பை ஆகியவற்றை எழுதுங்கள். படமும் எடுக்கலாம். வெள்ளக் கோட்டின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து குறியுங்கள். நீர் ஏறியிருக்கும்போது கரையருகே போகவே கூடாது. பிள்ளைகளைத் தனியே அனுப்பவும் கூடாது.

இந்தக் குறிப்பு யாருக்குப் பயன்படும்? 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்தின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அப்போது, “எங்கள் பக்கம் வெள்ளம் வரும்” என்று வாயால் சொல்வதைவிட, தேதியும் அளவும் உள்ள நோட்டை நகராண்மைக் கழகத்தில் காட்டுவது வலுவானது. ஏட்டில் ஏறாத துன்பம் திட்டத்திலும் ஏறாது.

ஆகவே நேயர்களே, அடுத்த மழைக்கு முன்பே முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.