ஒரே பாட்டு, வேறு வேறு விலை

'அன்னப்பறவை ஏரி' என்ற பாலே நடனத்தைப் பற்றி ரஷ்யாவின் மூத்த தலைமுறையிடம் கேட்டால், சைகோவ்ஸ்கியின் இசை மட்டும் அவர்கள் நினைவுக்கு வராது. சோவியத் தலைவர்கள் இறந்தபோதும், 1991 ஆகஸ்டில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோதும், அரசுத் தொலைக்காட்சி வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு அந்த நடனத்தைத்தான் ஒளிபரப்பியது. திரையில் அன்னப்பறவைகள் ஆடினால் மேலிடத்தில் ஏதோ நடக்கிறது என்று மக்கள் புரிந்துகொண்டனர்.

அந்த நினைவை வைத்து எழுதப்பட்டது 'கூட்டுறவுச் சங்கம் அன்னப்பறவை ஏரி' என்ற சொல்லிசைப் பாடல். தலைப்பில் இன்னொரு குத்தலும் உண்டு. 1996இல் புட்டினும் நண்பர்களும் ஓர் ஏரிக்கரையில் அமைத்த ஓய்வில்லச் சங்கத்தின் பெயர் 'ஓசெரோ'. ரஷ்ய மொழியில் அதற்கு 'ஏரி' என்று பொருள். 2025இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நீதிமன்றம் ஒன்று இந்தப் பாடலைத் தடை செய்தது.

பரிமாற்ற மாணவியாக ஜெர்மனியில் இருந்த பருவத்தில், இதைப் பாடிய நாய்ஸ் எம்சியின் இசைநிகழ்ச்சிக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ரஷ்யச் சொற்கள் பத்தைத் தாண்டாது. நுழைவுச்சீட்டு வாங்கியதும், வரிகளுக்குப் பொருள் சொன்னதும் என் விடுதித் தோழி. அவள் கஸக்ஸ்தானின் அல்மாட்டியைச் சேர்ந்தவள்.

நாய்ஸ் எம்சியின் இயற்பெயர் இவான் அலெக்சேயெவ். 1985இல் பிறந்த இவர், உக்ரேன் எல்லைக்கு அருகில் இருக்கும் பெல்கரோட் நகரில் வளர்ந்தவர். 2010இல் மாஸ்கோவில் ஒரு பெரிய எண்ணெய் நிறுவன அதிகாரி பயணம் செய்த கார் மோதி இரண்டு பெண் மருத்துவர்கள் இறந்தனர். அதைப் பற்றி உடனே பாட்டு எழுதினார். அதே ஆண்டு, மேடையில் காவல்துறையைக் கிண்டல் செய்ததற்காக வோல்கோகிராட் நகரில் பத்து நாள் காவலில் வைக்கப்பட்டார். 2014இல் உக்ரேனிய இசைவிழாவில் அந்நாட்டுக் கொடியை ஏந்தியதும் ரஷ்யாவில் இவரது நிகழ்ச்சிகள் வரிசையாக ரத்தாயின. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கிய பிறகு லித்துவேனியாவுக்குக் குடிபெயர்ந்தார். மொனெடோச்கா என்ற பாடகியோடு ஐரோப்பிய நகரங்களில் பாடி உக்ரேனிய அகதிகளுக்கு நிதி திரட்டினார். அந்த ஆண்டு நவம்பரில் ரஷ்ய அரசு இவரை 'வெளிநாட்டு முகவர்' பட்டியலில் சேர்த்தது.

அரங்கில் உட்கார இடமில்லை. எல்லாரும் நின்றுகொண்டுதான் கேட்டோம். என் வயதினர்தான் அதிகம். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்த அப்பாக்களும் இருந்தார்கள். நிகழ்ச்சியின் நடுவே, கூட்டத்தினர் கொடுத்த சொற்களை வைத்து அங்கேயே வரி கட்டிப் பாடினார். தோழி சிரித்த சிரிப்பில் பாதி வரிகளை எனக்குச் சொல்லவே மறந்துவிட்டாள். புரியாவிட்டாலும் எதுகை காதில் விழுந்தது. தமிழ்ச் சொல்லிசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்.

எங்களைச் சுற்றி நின்றவர்களில் லாட்வியாவில் பிறந்தவரும், இஸ்ரேலிலிருந்து வந்தவரும், சைபீரியாவை விட்டு வந்தவரும் இருந்தார்கள். மொழி ஒன்று, கடப்பிதழ் வேறு வேறு. தமிழ் பேசும் சிங்கப்பூரர்களாகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். நான் கைப்பேசியை உயர்த்தியபோது பக்கத்தில் நின்ற பெண் மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டார். "என் முகம் தெரியும் படத்தை இணையத்தில் போடாதீர்கள். என் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்," என்றார். அதன்பிறகு நான் மேடையைத் தவிர வேறெதையும் படமெடுக்கவில்லை. சிறிது நேரத்தில் 'அன்னப்பறவை ஏரி' தொடங்கியது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி விடாமல் பாடினார். பாட்டு முடிந்தது, கைதட்டினோம், இரவு ரயிலில் விடுதிக்குத் திரும்பினோம்.

ரஷ்யாவில் அதே பாட்டுக்கு என்ன விலை? 2025 அக்டோபரில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் தெருவில் 'ஸ்டாப்டைம்' என்ற சிறு குழு இதைப் பாடியது. பாடகியின் மேடைப்பெயர் நவோகோ. 18 வயது இசைக் கல்லூரி மாணவி. சுற்றி நின்ற இளையர்கள் சேர்ந்து பாடும் காணொளி வேகமாகப் பரவியது. அவருக்கு முதலில் 13 நாள் தடுப்புக் காவல். அது முடிந்ததும் மறுபடியும் காவல். நவம்பர் இறுதியில் விடுதலையானதும் அவர் நாட்டை விட்டே வெளியேறினார். வயதில் அவர் நம் தொடக்கக் கல்லூரி மாணவர்களைப் போன்றவர்.

நாட்டைவிட்டு வெளியேறிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் போரை எதிர்த்த 'பி-2' ராக் இசைக்குழு நம் பக்கத்து நாடான தாய்லாந்தின் புக்கெட் தீவில் பாடியது. முறையான வேலை அனுமதி இல்லை என்று குழுவினர் கைதானார்கள். அந்தக் குற்றத்துக்கு அபராதம் கட்டிவிடலாம். ஆனால், ரஷ்யாவுக்கு நாடு கடத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவர்களின் கவலை. பல நாள் இழுபறிக்குப் பிறகு அவர்கள் இஸ்ரேல் சென்று சேர்ந்தனர். வேற்று நாட்டவருக்கு வெறும் ஆவணச் சிக்கலாக இருப்பது, நாடிழந்தவருக்கு உயிர்ச் சிக்கலாகிவிடுகிறது.

இந்த நிகழ்ச்சிக்கு என் வகுப்பிலிருந்த உக்ரேனிய மாணவி ஒருத்தியையும் அழைத்திருந்தேன். அவள் வரவில்லை. "அவர் நல்லவராகவே இருக்கட்டும். என் ஊரில் குண்டு விழும்போது அந்த மொழியில் பாட்டுக் கேட்டு என்னால் ஆட முடியாது," என்றாள். அவளிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. ஊரை இழந்த பாடகரின் துயரமும், வீட்டின்மேல் குண்டு விழுந்தவரின் துயரமும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல. ஆனால், அந்தப் பாடகர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் ஊருக்கு அதனால் நன்மை ஏதும் வந்திருக்காது என்றும் நினைக்கிறேன்.

நாம் பாட்டை மெட்டுக்காகக் கேட்கிறோம், வரிக்காகக் கேட்கிறோம். அதை எந்த ஊரில் பாட முடியாது, பாடினால் யார் என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அடுத்த முறை புரியாத மொழிப் பாட்டு ஒன்று உங்கள் பட்டியலில் வந்தால் தாண்டிப் போகாதீர்கள். அதைப் பாடியவர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார், ஏன் அங்கே இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். வரிகளின் பொருளில் பாதி அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.